பூட்டிய வீட்டில் சுழியம்

அக்டோபர் 7, திங்கள்

வெயில். மேற்கே மேகம் கூடுகிறது, கலைகிறது. புரட்டாசி முடியப் போகிறது. கரிசல் இன்னும் வெடித்தபடியே.

பணி: ஒன்றிய வரைபடம். வெள்ளி மாலை 5 மணிக்குள் திட்ட அலுவலர் அம்மையாரிடம். இந்த ஆண்டு நம் ஒன்றியத்துக்குப் புதிதாக ஒரே ஒரு அங்கன்வாடி மையம். எந்த ஊருக்கு என்பதை வரைபடம் சொல்ல வேண்டும், ஆட்கள் சொல்லக்கூடாது. இது என் கொள்கை. முப்பது ஆண்டுப் புள்ளியியல் பணியில் இதை ஒரு முறையும் தளர்த்தியதில்லை.

முறை (பின்னால் யாரும் கேட்டால் சொல்ல):
1. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.
2. இருக்கும் மையம் ஒவ்வொன்றையும் நடுவாக வைத்துக் கவராயத்தால் ஒரு கி.மீ. வட்டம்.
3. வட்டத்துக்கு வெளியே புள்ளிகள் எங்கே நெருக்கமோ அங்கே மையம்.

அலுவலகக் கணிப்பொறி இரண்டு நாளாகப் படுத்துவிட்டது. பிளாப்பியில் இருப்பதைத் திறக்க வழியில்லை. நல்லவேளை, அச்சிட்ட பட்டியல்கள் கையில். டிரேசிங் தாளில் கையால் வைக்கிறேன். கவராயத்தின் திருகு தளர்ந்துவிட்டது. நூல் சுற்றி இறுக்கினேன்.

வட்டங்களுக்கு வெளியே இரண்டு ஊர்கள். ஊருணிப்பட்டியின் தெற்குத் தெரு: சிவப்பு நெருக்கம். கிடைப்பட்டி: 58 வீடு, 6 புள்ளி. ஏறக்குறைய வெள்ளைத் தாள். முடிவு தெளிவு. ஊருணிப்பட்டிக்கே.

ஒரு உறுத்தல். கிராம செவிலியரின் சொட்டு மருந்துப் பட்டியலை ஒப்பிட்டேன். கிடைப்பட்டியில் அவர் மருந்து கொடுத்த குழந்தைகள் 31. என் கணக்கெடுப்பில் 6. இருபத்தைந்து குழந்தை எங்கிருந்து முளைத்தது? இலக்கை எட்டியதாகக் காட்ட எழுதிச் சேர்த்திருக்கிறார் என்பது என் ஐயம். நாளை நேரில் போய்ப் பிடிப்பது.

நினைவில் வைக்க: சிவப்பு மை. மூக்குக் கண்ணாடிக் கால். மனைவிக்கு நூலகப் புத்தகம் மாற்ற.

அக்டோபர் 8, செவ்வாய்

முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். 

காலை 10.20 கிடைப்பட்டி. ஜீப்பில் நானும் டிரைவர் சங்கரலிங்கமும். கணக்கெடுத்த பேச்சியம்மாளும் உடன். பேச்சியம்மாள் இரண்டு கி.மீ. தள்ளி, ஓடைக்கு அப்பால் உள்ள மையத்தின் ஊழியர், குடியிருப்பது கிடைப்பட்டியிலேயே. ஆடு மாடு மேய்த்த குடும்பங்களின் ஊர். இப்போது கொஞ்சம் விவசாயம், மற்றபடி பெண்கள் எல்லாரும் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் கட்டை அடுக்க (தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலை) போகிறார்கள்.

தெருவில் ஆள் இல்லை. இரண்டு வெள்ளாடு. கோழி. வீட்டு எண்கள் நம் கணக்கெடுப்பில் நீலச் சாயத்தில் எழுதியவை, ஒழுங்காக இருந்தன. 22 வீட்டுக் கதவுகளில் எண்ணுக்குக் கீழே ‘பூ.வீ.’ என்ற எழுத்து. பூட்டிய வீடு. அவற்றுக்குக் கலம் 6-இல் (குழந்தைகள்) சுழியம். இதுவும் ஒழுங்காகவே செய்யப்பட்டிருந்தது.

14-ஆம் எண் வீடு. பூ.வீ. இரட்டைக் கதவு, நாதாங்கியில் பூட்டு. நாதாங்கி தொங்கலாக இருப்பதால் இரு கதவுக்கும் இடையே இரண்டு விரல் சந்து. எண் சரியாகத் தெரிகிறதா என்று குனிந்தேன். சந்தில் ஒரு கண்.

என் வயதில் இப்படிப் பின்வாங்கியது இல்லை. பேனா விழுந்துவிட்டது.

“யாரு?” என்றது உள்ளேயிருந்து. பெண் குழந்தை.

கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொன்னேன்.

“வீட்ல ஆளு இல்ல. சாயந்தரம் வாங்க.”

நீ இருக்கிறாயே என்றேன்.

“நான் இருக்கேன். தம்பி தொட்டில்ல கெடக்கான். ஆளு இல்ல.”

பெயர் செல்வி. வயது நான்கு அல்லது நான்கரை, அதற்குத் தெரியவில்லை. தம்பி இன்னும் நடக்கவில்லை. சாவி எங்கே என்று கேட்டேன். அம்மா முந்தியில் முடிந்து கொண்டுபோய்விட்டாளாம். பிறகு அதுவே கேட்டது, என்னிடம் சாவி இருக்கிறதா என்று. இல்லை என்றேன். அதற்கு ஏமாற்றம்கூட இல்லை, விசாரிப்பு அவ்வளவே.

சட்டைப் பையில் கடலைமிட்டாய் இருந்தது. சந்தில் நீட்டினேன். நான்கு விரல் வந்து வாங்கிக்கொண்டன. இன்னொன்று கேட்டது, தம்பிக்கு. பல் இல்லாதவனுக்கு எதற்கு என்று சங்கரலிங்கம் சொன்னார். தான் மென்று கொடுப்பதாகச் சொன்னது.

பேச்சியம்மாளைப் பார்த்தேன். முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. எனக்கு அதுதான் இரண்டாவது அடி. உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

“ஊருக்கே தெரியும் சார். பெறகு என்ன செய்வாவ? கம்பெனி வண்டி காலம்பர ஆறு மணிக்கு வந்துருது.”

பிறகு ஏன் சுழியம் போட்டீர்கள் என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்திருக்கலாம். அந்த அம்மாள் பையிலிருந்து பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளை எடுத்தார். நான்காய் மடித்து, ஓரம் நைந்து, பத்திரமாக வைத்திருந்தார்.

“அறிவுரை ஏழு. நீங்கதான சார் போர்டுல எழுதிப் போட்டீய. ‘குழந்தை உள்ள வீடு பூட்டியிராது. பூட்டிய வீட்டுக்குச் சுழியம் இடுக. மறுமுறை செல்லத் தேவையில்லை.’ நான் கைய ஒசத்தினேன். கேள்வியெல்லாம் கடைசியிலன்னுட்டீய. கடைசியில டீ வந்துட்டு.”

எனக்கு அந்தக் கை நினைவில்லை.

பிறகு 22 கதவையும் தட்டினோம். பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் பேச்சியம்மாள். அவர் கூப்பிட, நான் காது வைத்து எழுதினேன்.

குரல் வந்த வீடு: 13.
குரல் வராத வீடு: 9. (இல்லை என்று பொருளா? தூக்கமா? சத்தம் போடாதே என்று சொல்லி வைத்திருப்பதா? எப்படி எழுதுவது?)

37-ஆம் எண் வீட்டில் ஒரு பையன் உள்ளிருந்து எங்களையே அதட்டினான். “எவம்லே அது? எங்கய்யா தூங்குதாரு, எந்திச்சா அடிப்பாரு.” அப்பன் திருப்பூரில் இருப்பதாகப் பேச்சியம்மாள் சொன்னார். அப்படிச் சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

செவிலியர் எழுதியது அத்தனையும் உண்மை. சொட்டு மருந்து கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு கம்பெனி விடுமுறை. நான் கணக்கெடுத்தது வேலை நாளில், பத்து மணிக்கு மேல், என் அலுவலக நேரத்தில்.

வீட்டுக்கு வந்து வாசற்கதவைப் பூட்டினேன். உடனே திறந்தேன். ஏன் என்று மனைவி கேட்டாள். 

அக்டோபர் 9, புதன்

மேகமூட்டம். புழுக்கம். சிவப்பு மை வாங்கினேன்.

காலை திட்ட அலுவலர் அம்மையாரைச் சந்தித்தேன். நேற்றுக் கண்டதைச் சொன்னேன். தண்ணீர் குடித்தார். இரண்டு செய்திகள் சொன்னார். ஒன்று: படிவம் மேலிடத்தில் அச்சிட்டது, புதுக் கலம் சேர்க்க முடியாது. இரண்டு: குழந்தைகளை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள் என்று ஒரு தாளில் நான் எழுதினால் அந்தத் தாள் நம் கையில் நிற்காது. முதலில் காவல் நிலையத்துக்குப் போகும். மையம் வருமுன் வழக்கு வரும். நன்றாக யோசித்துவிட்டு எழுதுங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாலை 6 மணி. மீண்டும் கிடைப்பட்டி, ஊர்ச்சாலை பிரியும் விலக்கு. கம்பெனி வண்டி வந்து நின்றது. கைகளில் தீக்குச்சி மருந்துக் கறையுடன் பெண்கள் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். வேலை முடிந்து இவ்வளவு வேகமாக வீடு திரும்பும் கூட்டத்தை நான் கண்டதில்லை. இறங்கும்போதே சாவி கையில்.

14-ஆம் எண் வீடு குருவம்மாள். முப்பது வயதுகூட இராது. கணவன் ஆட்டுக் கிடையோடு மேற்கே போயிருக்கிறார், தை மாதம்தான் திரும்புவார். பேச்சியம்மாள் என்னை அறிமுகம் செய்ததும் கையிலிருந்த சாவியை முந்திக்குள் மறைத்தார். நேற்று ஒரு ஆள் வந்ததைக் குழந்தை சொல்லியிருக்கிறது. மிட்டாய்த் தாளைக் காட்டிச் சொல்லியிருக்கிறது.

கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்தேன். கேட்கத் தெரியவில்லை. அவரே பேசினார்.

“புள்ளையப் பூட்டி வைக்கான்னு எழுதப் போறீயளா? எழுதுங்க. எழுதிட்டு, அந்தா கெடக்க கெணத்துக்கும் ஒரு கதவு போடச் சொல்லி எழுதுங்க.”

தெருக் கடைசியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. போன கோடையில் 22-ஆம் எண் வீட்டுக் குழந்தையை அதிலிருந்துதான் எடுத்தார்களாம். அதற்கு முன் யாரும் பூட்டியதில்லையாம். திறந்தே போட்டுவிட்டுப் போவார்களாம். அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பூட்டு வாங்கியிருக்கிறது.

என் வரைபடத்தில் அந்தக் கிணறு இருக்கிறது. நீல வட்டம். ‘குடிநீர் வசதி: உண்டு.’

கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே என்றேன். முன்பு கூட்டிப் போனதுண்டாம். குழந்தைத் தொழிலாளர் சோதனை தொடங்கிய பிறகு, இடுப்பில் இருக்கும் குழந்தையைக்கூட வாசலில் விடுவதில்லை. செல்விக்கு மூத்தவள் ஒருத்தி பள்ளிக்குப் போகிறாளாம். அவள் பார்த்துக்கொள்ளலாமே என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அவரே, “பெரியவளப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு வந்ததும் ஒங்க ஆளுகதான்” என்றார். சற்று நிறுத்தி, “அவ படிக்கட்டும். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

இரண்டும் சரியான விதிகள். இரண்டையும் நான் ஆதரித்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து நான்கு வயதுக் குழந்தையைத் தம்பிக்குக் காவலாக உள்ளே வைத்திருக்கின்றன.

கிளம்பும்போது கேட்டார்: “பால்வாடி வந்தா எத்தன மணிக்குத் தொறப்பீய?”

ஒன்பதரை என்றேன். சிரித்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 10, வியாழன்

காற்று இல்லை. கண்ணாடிக் கால் இன்னும் சரி செய்யவில்லை, நூல்தான் கட்டியிருக்கிறேன்.

காலையில் கணக்கெடுப்புக் கையேட்டை எடுத்தேன். அறிவுரை 7-ஐ மாற்ற யாருக்கு அதிகாரம் என்று பார்க்க. முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தேன்.

கையேட்டில் அறிவுரை ஆறுதான்.

ஏழாவதை நான் சேர்த்திருக்கிறேன். பயிற்சிக்கு முந்தின நாள். வேலையைச் சுருக்க. பூட்டிய வீடு என்றால் பிழைப்புக்கு வெளியூர் போன குடும்பம் என்று தீர்மானித்து. முப்பது ஆண்டாக விதிக்குக் கட்டுப்பட்டவன் என்று என்னை நினைத்திருந்தேன். இந்த ஒன்றியத்தில் இத்தனை குழந்தைகளைத் துடைத்த விதி என் சொந்தக் கையெழுத்து.

பிறகு தோன்றியது: கிடைப்பட்டியில் மட்டும்தானா?

பட்டியல்கள் முழுவதையும் தரையில் விரித்தேன். ஊர்தோறும் பூ.வீ. எத்தனை என்று கூட்டினேன். புதுத் தாளில் பூட்டிய வீடுகளுக்கு மட்டும் கறுப்புப் புள்ளி. மதியச் சாப்பாடு மறந்துவிட்டது. மூன்று மணிக்கு நிமிர்ந்து பார்த்தேன்.

புள்ளிகள் சிதறவில்லை. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே ஒரு கோடு. நடுவில் பிரிந்து தெற்கே ஒரு கிளை. அந்தக் கோட்டை நான் வரையவில்லை. ஊர் ஊராக வைத்துக்கொண்டு போகையில் தானாக விழுந்தது. சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு இது என்ன சாலை என்று கேட்டேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“ரோடு இல்ல சார். இது கம்பெனி வண்டி போற வழி. இங்கன திரும்பும், இங்கன நின்னு ஏத்திக்கிடும்.” கறுப்புப் புள்ளிகள் மேல் விரலை வைத்து வைத்துச் சொன்னார், நிறுத்தம் நிறுத்தமாக.

சிவப்புப் புள்ளித் தாளை இதன்மேல் வைத்தேன். எங்கே கறுப்பு நெருக்கமோ அங்கே சிவப்பு இல்லை. எந்த ஊரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையோ, அந்த ஊரில் குழந்தையே இல்லை என்று வரைந்திருக்கிறேன். அளவு மாறாமல், சுத்தமாக, தெற்கு வடக்குக் குறி போட்டு.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சங்கரலிங்கம் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். தாள் எல்லாம் பறந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

மாலை 4.40. கடிதம் ஒப்படைத்தேன். சாரம்: அறிவுரை 7 கையேட்டில் இல்லாதது, நானே சேர்த்தது, பிழை என்னுடையது, அதை இரத்து செய்கிறேன், ஞாயிறன்று மறுகணக்கெடுப்புக்கு அனுமதி வேண்டும். வீடு பூட்டி உள்ளே குழந்தை என்ற சொல் எங்கும் இல்லை. ‘தாய்மார் வேலைக்குச் சென்ற நேரத்தில் கணக்கெடுத்ததால் விடுபட்டவை’ என்று எழுதினேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. இப்படி ஒரு வாக்கியம் இதுவரை எழுதியதில்லை.

அம்மையார் கறுப்புப் புள்ளித் தாளை நெடுநேரம் பார்த்தார். திங்கள் காலைவரை நேரம் கொடுத்தார். இதற்காக விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வரும் என்றும் சொன்னார். வரட்டும்.

வெளியே வருமுன் மழை. இந்த ஆண்டின் முதல் மழை. அலுவலகத்தில் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். விதைக்கலாம் என்று பேச்சு. மின்னல் கிழக்கே. இடி வருவதற்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. ஏழு. நான்கு. கம்பெனி வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம்.

அக்டோபர் 12, சனி

மழை. வேலை ஓடவில்லை. புதுப் படிவங்கள் 60 எடுத்து வைத்தேன். எண்ணிப் பார்த்தேன், 59.

அக்டோபர் 13, ஞாயிறு

வெளுத்துவிட்டது. தார்ச்சாலையில் ஜீப்பை நிறுத்தி நடை. கரிசல் செருப்போடு சேர்ந்து எழும்பியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஓடையில் முழங்கால் தண்ணீர். நடுத்தர வயது அரசு ஊழியன், காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு. எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் பேச்சியம்மாளிடம், “இந்த அண்ணாச்சி எந்தக் கட்சி?” என்று கேட்டார்.

பூட்டு ஒன்றும் இல்லை. எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. ஊர் முழுக்கக் குழந்தைகள். நான் செவ்வாயன்று நின்ற அதே தெரு. நடக்க இடமில்லாமல் காலுக்குள் ஓடின. 37-ஆம் எண் வீட்டுப் பையன் குரலை வைத்து அடையாளம் கண்டேன். நான்கு வயது இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டு.

14-க்குப் போனேன். குருவம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தார். செல்வி வாசற்படியில். வெயிலில் பார்க்க மிகவும் சிறியது. என்னைத் தெரியவில்லை. செவ்வாயன்று வந்த சார் என்று அம்மா சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தது. அது பார்த்திருந்தது என் சட்டைப் பையும் இரண்டு விரல் அகலம் முகமும்தான். பிறகு எழுந்து, என்னைக் கொஞ்சம் தள்ளி வெளியே நிறுத்தி, உள்ளே போய்க் கதவைச் சாத்தியது.

“யாரு?”

கணக்கெடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.

சந்தில் கண். சற்று நேரம். பிறகு நான்கு விரல் வெளியே வந்தன.

கொண்டுவந்திருந்தேன்.

குருவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை அடித்தார். கதவைச் சாத்தாதே ஏட்டி என்று மட்டும் சொன்னார்.

கிடைப்பட்டி, மறுகணக்கு. பூ.வீ. 22-இல் குழந்தை உள்ள வீடு 17. அவற்றில் குழந்தைகள் 27. முன்பு கண்ட 6. ஆக 33. செவிலியர் பட்டியலுக்குப் பின் பிறந்தவை இரண்டு. மிகச் சரியாகப் பொருந்துகிறது. கணக்கு பொருந்தியும் நிம்மதி இல்லாதது இதுவே முதல் முறை.

அக்டோபர் 14, திங்கள்

வெயில். எங்கும் உழவு.

கிடைப்பட்டிக்கே மையம் என்று பரிந்துரை கையெழுத்தாகிவிட்டது. அது வரும்வரை பேச்சியம்மாள் அங்கேயே பள்ளிக்கூடத்தின் காலி அறையில் நடத்தலாம். அவருடைய மையத்தை ஆயா பார்த்துக்கொள்வார். அம்மையார் இதைத் தன் அதிகாரத்தில் செய்தார். நேரம் மட்டும் அவர் கையில் இல்லை. 9.30 முதல் 3.30. காலை ஆறு மணிக்குத் திறக்கவும், மற்ற ஊர்களுக்காகவும், மேலிடத்துக்குக் கறுப்புப் புள்ளித் தாளுடன் கடிதம். பதில் வர எத்தனை மாதமோ.

உத்தரவை வாங்கப் பேச்சியம்மாள் வந்திருந்தார். படித்துவிட்டுக் கேட்டார், ஒன்பதரைக்கு யார் கதவைத் திறந்து குழந்தையை வெளியே விடுவது? சாவி கம்பெனியில் அல்லவா இருக்கும்?

எனக்கு இது தோன்றவே இல்லை. வரைபடத்தில் மையம் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, தொலைவு இருநூறு மீட்டர். இடையில் ஒரு பூட்டு.

அவரே சொன்னார். “ஆறு மணிக்கு வண்டியடியில நின்னு சாவிய நான் வாங்கிக்கிடுதேன் சார். நேத்தே பேசிட்டேன். குருவம்மாதான் மொதல்ல தாரேன்னா. ஊழியர் சாவி வாங்கக் கூடாதுன்னு விதி ஏதும் இருக்கா?”

கையேட்டைப் புரட்டவில்லை. இல்லை என்றேன்.

“நான் எத்தன மணிக்குப் பூட்டத் தொறக்கேன்னு நீங்க வந்து பாக்காதீய.”

வருகைப் பதிவேட்டில் ‘திறந்த நேரம்’ என்ற கலத்தை என்ன செய்வது என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். காலியாக விடச் சொன்னேன். நான் சொன்னேன்.

பதினேழு சாவியும் ஒன்றுபோல் இருக்கும், மாறிவிடும் என்று கவலைப்பட்டார். பழைய வரைபட அட்டையை வெட்டினேன். துளையிட்டு, நூல் கோத்து, சிவப்பு மையால் ஒவ்வொன்றிலும் வீட்டு எண். 3, 5, 8, 9, 11. இப்போது 14, செல்வி வீடு.